பெட்டிக்குள் நீலத் தண்ணீர்

மழை பிடித்துக்கொண்ட ஒரு மத்தியானத்தில்தான் அந்தப் பழைய சலவைக்கூடத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். தோளில் கருவிப் பை, கையில் கம்பி இணைக்கிற ஜங்ஷன் பெட்டிகள் அடைத்த சாக்கு, தலைக்கு ஒரு பிளாஸ்டிக் உறை. இரும்புக் கதவைத் தட்டியதும் உள்ளேயிருந்து ஒரு பெண் வந்தாள். கூடத்தைக் காவல் காப்பவள். என்னைப் பார்த்தாள். பிறகு எனக்குப் பின்னால் தெருவைப் பார்த்தாள்.

“எலக்ட்ரீஷியன் வரலையா?”

“நான்தான் எலக்ட்ரீஷியன்.”

“பொம்பளையா?”

“இல்ல, வேஷம் போட்டுட்டு வந்திருக்கேன். வழிய விடும்மா, நனையுறேன்.”

இந்தக் கேள்வியைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துப்போயிருக்கிறது. அவள் கோபித்துக்கொள்ளாமல் சிரித்துவிட்டாள். சிரித்துவிட்டுச் சட்டென்று திரும்பி, யாருக்கோ கேட்டுவிட்டதோ என்பதுபோல் உள்ளே எட்டிப் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, “வாங்கக்கா” என்றாள்.

ஒரு காலத்தில் பெரிய ஆஸ்பத்திரியின் படுக்கை விரிப்புகள் முழுக்க இங்கேதான் வெளுத்தன. ஆறு வருஷமாகப் பூட்டிக் கிடந்ததை இப்போது ஒருவர் குத்தகைக்கு எடுத்திருந்தார். இயந்திரங்களை ஓட்டலாம் என்று பார்த்தால் வயரிங் நிற்கவில்லை. எனக்கு முன்னால் வந்தவர்கள் புதுப் புதுப் பெட்டியாக மாட்டினார்கள். மறுநாள் திறந்தால் உள்ளே தண்ணீர். கடைசியாக வந்த ஆள் ஏணியைக்கூட எடுக்காமல் ஓடிவிட்டாராம். “நல்லதாப் போச்சு, எனக்கு ஏணி தூக்குற வேலை மிச்சம்” என்று குத்தகைக்காரரிடம் போனில் வாய்வீரம் பேசியிருந்தேன். இப்போது அந்த ஏணி சுவரில் சாய்ந்திருப்பதைப் பார்த்ததும் அந்த வீரம் போன இடம் தெரியவில்லை.

ஏனென்றால் இது எனக்குச் சும்மா ஒரு வேலை இல்லை. இந்தக் கூடத்துக்குள் அதுவரை நான் கால் வைத்ததில்லை. ஆனால் என் அண்ணனின் வாழ்க்கை இங்கேதான் நாசமாகப் போனது.

அண்ணனும் என் வீட்டுக்காரரும் கூட்டாளிகள். எந்த வேலை என்றாலும் அவர் முதலில் போய்ப் பெட்டிகளைச் சுவரில் அடித்துவிட்டு வருவார். பின்னாலேயே அண்ணன் போய்க் கம்பி இழுத்து, இணைத்து, மூடியைப் போடுவான். நகமும் சதையுமாக இருந்தார்கள். அவரை எனக்கு மாப்பிள்ளையாகப் பார்த்தவனே அண்ணன்தான். “தங்கமான ஆளு. கண்ண மூடிக்கிட்டுக் கழுத்த நீட்டு” என்றான். நீட்டினேன்.

கல்யாணமான புதிதில் அது நடந்தது. இங்கே பெரிய சலவை இயந்திரத்தில் கை வைத்த ஒரு பெண் மின்சாரம் தாக்கி அதே இடத்தில் செத்துப்போனாள். இயந்திரத்துக்கு மேலே இருந்த பெட்டிக்குள் தண்ணீர் இறங்கியிருந்தது. ஓடிப்போய் அதன் மூடியை முதலில் திறந்து பார்த்தவர் என் வீட்டுக்காரர். மூடிக்கும் பெட்டிக்கும் நடுவில் ஒரு ரப்பர் வளையம் உண்டு. அது இல்லாவிட்டால், தண்ணீர் புகாத பெட்டி என்று காசு கொடுத்து வாங்கியது வெறும் சோப்பு டப்பா. “மச்சான் வளையத்த மாட்ட மறந்துட்டான், இதோ கீழ கிடக்கு” என்று கையில் ஒரு வளையத்தைத் தூக்கிக் காட்டினார். சொல்லும்போதே தேம்பித் தேம்பி அழுதாராம். விசாரிக்க வந்தவர்கள் அண்ணனைக் கேட்டார்கள். “மாப்பிள்ளை பொய் சொல்ல மாட்டாரு. நான்தான் மறந்திருப்பேன்” என்று அண்ணனே தலையாட்டிவிட்டான். அப்புறம் எவன் பெட்டியைத் திறந்து பார்ப்பான்?

அண்ணன் சிறைக்குப் போய்விட்டு வந்தான். வந்தவனை என் வீட்டுக்காரர் எங்கள் வீட்டுப் பின்னறையில் உட்காரவைத்துச் சோறு போட்டார். அன்றுவரை போட்டார். ஆனால் அண்ணன் அதற்குப் பிறகு ஸ்க்ரூ டிரைவரைத் தொடவில்லை. அதைக்கூட விடுங்கள், சுவிட்சைத் தொட மாட்டான். ஃபேன் போட வேண்டுமென்றால்கூட யாராவது வரும்வரை வேர்த்துக்கொண்டே காத்திருப்பான். நாங்கள் வீட்டில் இல்லாவிட்டால் இருட்டில் உட்கார்ந்திருப்பான். “பெத்த தாயைப்போல வச்சுக் காப்பாத்துறாரே உன் வீட்டுக்காரரு” என்று தெருவே சொல்லும். எனக்குத் தலைகால் புரியாத பெருமை.

அவனை அந்த இருட்டிலிருந்து எழுப்ப வேண்டும். அதற்காகத்தான் வந்தேன். இந்தக் கூடத்தில் ஒவ்வொரு பெட்டியையும் பழுதில்லாமல் மாட்டி, இயந்திரத்தை ஓடவிட்டு, அண்ணனைக் கையைப் பிடித்து இழுத்துவந்து, “பாரு, ஓடுது. யாரும் சாகல. எழுந்திரு” என்று சொல்ல வேண்டும். வீட்டுக்காரரிடம் மூச்சு விடவில்லை. இந்த இடத்தின் பேச்சை எடுத்தாலே அவர் முகம் வெளுத்துவிடும். மச்சான்மேல் அவ்வளவு பாசம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

மெயினை இறக்கி, ஃபியூஸைப் பிடுங்கி என் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். வேலை செய்கிற இடத்தில் ஃபியூஸ் என் பையில் இருந்தால்தான் எனக்கு உயிர்மேல் நம்பிக்கை வரும். பிறகு டார்ச்சை நெற்றியில் கட்டிக்கொண்டு கூடத்துக்குள் நடந்தேன்.

நீளமான கூடம். உயரத்தில் வரிசையாகக் கண்ணாடி சன்னல்கள், ஆனால் அத்தனையிலும் பழைய நீராவியின் அழுக்கு படிந்து, பகல் வெளிச்சம் பாலில் தண்ணீர் கலந்ததுபோல் மங்கலாகத்தான் உள்ளே வந்தது. இரண்டு பக்கமும் சலவை இயந்திரங்கள் வாயைத் திறந்துகொண்டு நின்றன. கூரையில் மழை விழும் சத்தம். அந்தச் சத்தம் ஓய்கிற நேரத்தில் எங்கோ ஒரு சொட்டு விழும் சத்தம்.

முதல் பெட்டியைக் கழற்றினேன். போன ஆள் மாட்டியது. நல்ல பெட்டிதான். தண்ணீர் பீச்சியடித்தாலும் தாங்கும் என்று அதன் நெற்றியிலேயே எண் குத்தியிருந்தது. நான் வாங்கிவந்ததும் அதே எண்தான். கடைக்காரர், “மழைக்கு ஒதுங்குற இடத்துக்கு இதுவே போதும்மா” என்று ஒரு படி குறைந்ததைத் தலையில் கட்டப் பார்த்தார். “அதுக்குள்ள உங்க விரலை வைங்க, நான் கரன்ட் கொடுக்கிறேன்” என்றதும் உள்ளே போய் நல்லதை எடுத்துவந்தார்.

சுவர் காய்ந்திருந்தது. கம்பி கீழ்ப்பக்கமாகத்தான் உள்ளே போயிருந்தது. போவதற்கு முன் தொட்டில்போல் தொங்கி வளைந்திருந்தது, வழிகிற தண்ணீர் வளைவிலேயே சொட்டிவிடும். எல்லாம் சரி. நான்கு திருகுகளையும் கழற்றி மூடியை இழுத்தேன்.

தண்ணீர் என் முழங்கை வரைக்கும் வழிந்தது.

வெதுவெதுப்பாக இருந்தது.

டார்ச்சோடு குனிந்து பார்த்தால், லேசான நீல நிறம்.

அதோடு ஒரு வாசனை. யாரோ பக்கத்திலேயே நின்று ஒரு மெழுகுவத்தியை ஊதி அணைத்ததுபோல்.

“ஏம்மா, மெழுகுவத்தி ஏத்தினியா?”

காவல்காரி கூடத்து வாசலைத் தாண்டி உள்ளே வரவே இல்லை. அங்கேயே நின்றுகொண்டு தலையை ஆட்டினாள். “இல்லக்கா” என்று கிசுகிசுத்தாள். “அது அப்பப்ப வரும். அவ வர்ற வாசனை.”

“எவ?”

“எங்கக்கா.”

ஏணியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். செத்துப்போனவளின் தங்கை. சாபம் கொடுப்பதானால் முதலில் கொடுக்க வேண்டியது எனக்குத்தான். நான் யார் என்று சொல்ல வாய் வரவில்லை. அவளே சொல்லிக்கொண்டு போனாள். அவளுடைய அக்காவுக்குத் துணிக்கு நீலம் போடுகிற வேலை. வெள்ளை விரிப்புகளை நீலத் தொட்டியில் முக்கி முக்கி, இரண்டு கையும் மணிக்கட்டு வரை நீலமாகவே இருக்குமாம். எவ்வளவு தேய்த்துக் குளித்தாலும் போகாது. நீலக்கை என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்களாம்.

“மெஷின்ல ஒட்டிக்கிட்டாக்கா. ‘கையெடுக்க முடியல, கையெடுக்க முடியல’ன்னு சொல்லிக்கிட்டே இருந்தா. நான் பார்த்துக்கிட்டுத்தான் நின்னேன்.” முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “அந்த எலக்ட்ரீஷியன் கை விளங்காமப் போகணும்னு மண்ணை வாரித் தூத்தினேன். விளங்காமத்தான் போச்சாம். ஏதோ ஒரு ரூம்ல இருட்டுல கிடக்கிறானாம்.”

வேலையில் இறங்கினேன்.

புதுப் பெட்டியை எடுத்தேன். பெட்டியின் உடம்புக்கு வெளியே நான்கு மூலையிலும் காது மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும். சுவரில் பிடிக்கிற திருகாணியை அந்தக் காதில்தான் அடிக்க வேண்டும். வேலை சீக்கிரம் முடிய வேண்டும் என்கிற சோம்பேறிகள் பெட்டியின் உள்ளேயே, முதுகில் ஓட்டை போட்டு அடிப்பார்கள். சுவரில் வழிகிற தண்ணீர் அந்த ஓட்டை வழியாக முதுகுப்பக்கம் நுழைந்துவிடும். என் வீட்டுக்காரருக்கே அந்தக் கெட்ட பழக்கம் உண்டு. எங்கள் வீட்டு வாசல் விளக்குப் பெட்டியை அப்படித்தான் அடித்திருக்கிறார். சத்தம் போட்டால், “மெழுகுவத்திய உருக்கி ஓட்டையில விட்டிருக்கேன்டி, ஒரு சொட்டு போகாது” என்பார். வாசலில் அது தாங்கத்தான் செய்தது. நானும் நாலு தடவை கத்திவிட்டு விட்டுவிட்டேன்.

காதில் திருகாணி அடித்தேன். கம்பியைக் கீழ்வழியாக ஏற்றி, அதைச் சுற்றிப் பிடிக்கும் ரப்பர் மூக்கை இறுக்கினேன். வளையம் பள்ளத்தில் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று விரலால் ஒரு சுற்றுத் தடவினேன். மூடியைப் போட்டு, எதிரெதிர்த் திருகாக முடுக்கினேன். கடவுளே வந்து ஊதினாலும் உள்ளே ஈரம் போகாது.

ஏணியை விட்டு இறங்கவில்லை. கண்ணுக்கு முன்னாலேயே பெட்டி வியர்த்தது.

மூடியின் விளிம்பில் ஒரு சொட்டு திரண்டது.

விழுந்தது.

ஆத்திரம் வந்துவிட்டது எனக்கு. பயம் வந்தால் எனக்குக் கோபம்தான் முன்னால் வரும். “என்னதான் வேணும் உனக்கு? ஒழுங்கா மாட்டுற வேலைய ஏன் கெடுக்குற?” என்று அந்த வெறுங்கூடத்தைப் பார்த்துக் கத்தினேன். என் குரல் இயந்திரங்களின் வாய்க்குள் போய்த் திரும்பி வந்தது.

பிறகு சொட்டும் சத்தம் நின்றது. மழைச் சத்தமும் நின்றது.

பெட்டிக்குப் பக்கத்துச் சுவரில் ஈரமாக ஒரு கை பதிந்திருந்தது. நீலக் கை. ஐந்து விரலும் தெளிவாக.

நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதற்கு அடுத்து இன்னொன்று பதிந்தது. அதற்கு அடுத்து இன்னொன்று. குழந்தை சுவரைப் பிடித்து நடப்பதுபோல், ஒவ்வொன்றாக, கூடத்தின் கோடியிலிருந்த பெரிய இயந்திரத்தை நோக்கிப் போயின.

ஓடியிருக்க வேண்டும். ஓடத்தான் நினைத்தேன். ஆனால் கடைசிக் கை பதிந்திருந்தது ஒரு தகரத்தின்மேல். இயந்திரத்துக்கு மேலே சுவரில் எதையோ மூடி அடித்த தகரம். அதற்குப் பின்னால் என்ன இருக்கும் என்று எனக்குத் தெரியும். அண்ணன் மூடிய பெட்டி.

ஏணியைத் தூக்கிக்கொண்டு போனேன். எப்படிப் போனேன் என்று கேட்காதீர்கள். தகரத்தை நெம்பி எடுத்ததும் மெழுகு வாசனை குப்பென்று அடித்தது. துருப்பிடித்த திருகுகளை ஒவ்வொன்றாகக் கழற்றி மூடியைப் பிடித்து இழுத்தேன். வரவில்லை. ஸ்க்ரூ டிரைவரைக் கொடுத்து நெம்பவேண்டியிருந்தது.

ஏன் வரவில்லை என்று அப்போதுதான் தெரிந்தது.

வளையம் உள்ளே இருந்தது.

பள்ளத்தில் கச்சிதமாக உட்கார்ந்து, பூட்டிக் கிடந்த வருஷங்களின் புழுக்கத்தில் வெந்து, மூடியோடும் பெட்டியோடும் பசைபோல ஒட்டிப்போயிருந்தது. அதை யாரும் எடுத்ததே இல்லை. அண்ணன் மாட்டியது மாட்டியபடி இருந்தது. அவன் ஒன்றையும் மறக்கவில்லை.

அப்படியானால் தண்ணீர் எந்த வழியாக வந்தது? டார்ச்சை உள்ளே அடித்தேன். பெட்டியின் முதுகில் இரண்டு ஓட்டைகள். அவற்றில் திருகாணிகள். அவற்றைச் சுற்றி மஞ்சளாக, வழிந்து இறுகிய மெழுகு. வாசலில் தாங்குகிற மெழுகு, நீராவி சுழல்கிற இந்தக் கூடத்தில் எத்தனை நாள் தாங்கும்? உருகி ஓடிவிட்டது. சுவரின் ஈரம் நேரே உள்ளே இறங்கி, அங்கிருந்து மின்சாரம் இரும்புத் தாங்கிக்கும் இயந்திரத்துக்கும் போய்விட்டது.

பெட்டிகளைச் சுவரில் அடித்தது யார்? அண்ணன் இல்லை.

அந்தப் பெட்டியைக் கழற்றி நெஞ்சோடு பிடித்துக்கொண்டு ஏணியடியில் உட்கார்ந்துவிட்டேன்.

“யார் உன்ன இங்க வரச் சொன்னா?”

நிமிர்ந்தேன். என் வீட்டுக்காரர் நின்றுகொண்டிருந்தார். தலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. கடைக்காரர் அவரிடம், “உங்க வீட்டம்மா சலவைக்கூடத்துக்குப் பெட்டி வாங்கிட்டுப் போனாங்களே” என்று சொல்லியிருக்கிறார். மழையில் ஓடிவந்திருக்கிறார். அவர் பார்வை என் முகத்தில் நிற்கவில்லை, என் மடியிலிருந்த பெட்டியில் நின்றது.

“வளையம் உள்ளதான் இருக்கு” என்றேன்.

அவர் வாசல் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார்.

“அப்ப நீங்க கையில தூக்கிக் காட்டினது எது?”

“பைக்குள்ள ஒண்ணு மிச்சம் இருந்துச்சு” என்றார். “கத்தாத. வாசல்ல ஆள் இருக்கு.”

“சொல்லுங்க.”

“என்ன சொல்லச் சொல்ற? நமக்குக் கல்யாணமாகி நாலு மாசம்கூட ஆகல. நான் உள்ள போயிருந்தா உன் கதி என்ன? உங்கண்ணன் ஒண்டிக்கட்டை. கேட்க நாதி இல்லாதவன். போயிட்டு வந்துடுவான்னு நினைச்சேன்.”

“அவன் உங்கள நம்பினான்.”

“அவன நான் விட்டேனா? இன்னிக்கு வரைக்கும் சோறு போடுறேன்ல? வேற எவன் போடுவான்?”

பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுவது என்று கேட்டிருக்கிறேன். அந்தத் தொட்டிலைப் பார்த்து இத்தனை வருஷம் நான் பெருமைப்பட்டிருக்கிறேன். அண்ணன் இருட்டில் உட்கார்ந்து, “மாப்பிள்ளை இல்லன்னா நான் நடுத்தெருவுலதான்” என்று சொல்லும்போதெல்லாம் இந்த மனுஷன் அவன் தட்டில் இன்னொரு கரண்டி வைத்தாரே! நம்பவைத்துக் கழுத்தை அறுப்பது என்றால் இதுதான். என் கழுத்தையும் சேர்த்து அறுத்திருக்கிறார். எனக்காக என்று வேறு சொல்கிறார், பாவி.

“பெட்டியக் குடு” என்று கையை நீட்டினார். “வீட்டுக்குப் போய்ப் பேசிக்கலாம். குடு.”

நான் பின்வாங்கினேன். அவர் முன்னால் வந்தார். ஏணியின் காலில் தடுக்கி, விழாமல் இருக்க இடது கையைப் பெரிய இயந்திரத்தின் மேல் ஊன்றினார்.

கூடம் முழுக்க மெழுகு வாசனை.

எங்களுக்கு மேலே இருந்த குண்டு பல்பு எரிந்தது.

ஃபியூஸ் என் சட்டைப் பையில் இருந்தது. தொட்டுப் பார்த்தேன். இருந்தது.

“என்ன பண்ணின?” என்றார். கையை இழுத்தார். கை வரவில்லை. மறுபடி இழுத்தார். முகம் கோணியது. உடம்பு விறைத்தது. இயந்திரத்தின் உருளை, ஆறு வருஷமாக ஓடாத உருளை, கிரீச்சென்று ஒரு சுற்றுச் சுற்றியது.

“கையெடுக்க முடியல” என்றார்.

நான் டெஸ்டரை எடுத்து இயந்திரத்தில் வைத்தேன். எரியவில்லை. துளிக்கூட மின்சாரம் இல்லை. ஆனால் அவர் கைமேல் தண்ணீர் கசிந்துகொண்டிருந்தது. நீலத் தண்ணீர். அது விரல் விரலாகப் பிரிந்து, அவர் மணிக்கட்டைச் சுற்றிப் பிடித்திருந்தது.

“இழுடி என்னைய. இழு. கையெடுக்க முடியல.”

ஒட்டிக்கொண்டவரைக் கையால் தொடக் கூடாது, காய்ந்த கட்டையால் தட்டிவிட வேண்டும். இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு முதலில் சொல்லிக்கொடுப்பது அதுதான். பக்கத்திலேயே துணி கிண்டுகிற மரத்துடுப்பு சாய்ந்திருந்தது. நான் அதைப் பார்த்தேன். அவரும் பார்த்தார். நான் நின்றுகொண்டே இருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. தாலி கட்டிய மனுஷன் கதறுவதைப் பார்த்துக்கொண்டு மரம்போல நின்றேன்.

கடைசியில் துடுப்பை எடுத்து, அவர் கையை ஓங்கி அடித்தவள் நானில்லை. காவல்காரி. வாசலைத் தாண்டாதவள், உள்ளே ஓடிவந்து அடித்தாள்.

பல்பு அணைந்தது. அவர் தரையில் சுருண்டு விழுந்தார்.

“போதும்க்கா” என்று அவள் கூடத்தைப் பார்த்துச் சொன்னாள். என்னிடம் சொல்லவில்லை. “தெரிஞ்சுபோச்சு. எல்லாத்தையும் கேட்டுட்டேன். விட்டுடு.”

பிறகு என் பக்கம் திரும்பினாள். “இருட்டுல கிடக்கிறது உங்கண்ணனா?”

நான் தலையாட்டினேன்.

“தப்பான கைக்குச் சாபம் விட்டுட்டேனே” என்று சொல்லி அவள் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள்.

வீட்டுக்குப் போனதும் பெட்டியை அண்ணன் மடியில் வைத்தேன். வாயால் சொல்ல எனக்குத் தெம்பில்லை. அவன் முதலில் கையைச் சுருக்கிக்கொண்டான். பிறகு மெதுவாகத் தொட்டான். கட்டைவிரலால் விளிம்பைத் தடவிக்கொண்டே வந்தான். வளையத்தில் விரல் நின்றது. இன்னொரு சுற்றுத் தடவினான். பெட்டியைத் திருப்பி, முதுகிலிருந்த இரண்டு ஓட்டைகளையும் மெழுகையும் பார்த்தான். அந்த வேலை யாருடையது என்று அவனுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

“மாட்டியிருக்கேன்” என்றான். “நான் மாட்டித்தான் இருக்கேன்.”

“ஆமாண்ணே.”

“மாப்பிள்ளைக்குத் தெரியுமா?”

அவன் என் முகத்தைப் பார்த்தான். அப்புறம் பெரிய குரலெடுத்து அழுதான். சிறைக்குப் போகும்போதுகூட அழாதவன்.

மறுநாள் அவனே என்னோடு சலவைக்கூடத்துக்கு வந்தான். பெரிய இயந்திரத்துக்கு மேலே கடைசிப் பெட்டியை அவன் கையாலேயே மாட்டினான். காதில் திருகாணி, கீழ்வழியில் கம்பி, பள்ளத்தில் வளையம். காவல்காரி ஏணியை ஆடாமல் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். மூடியதைத் திறந்து பார்த்தோம். உள்ளே காய்ந்து கிடந்தது. எல்லாப் பெட்டியும் காய்ந்து கிடந்தன. மெயினைப் போடும்போது, “நான் போடுறேன்” என்று அண்ணன் கையை நீட்டினான். போட்டான். நீலக்கை போய்விட்டாள் என்று நாங்கள் மூன்று பேரும் நினைத்தோம்.

பழைய பெட்டியை விசாரிக்கிறவர்களிடம் ஒப்படைத்துவிட்டோம். காவல்காரியும் கேட்டதைக் கேட்டபடி சொல்லியிருக்கிறாள். கூப்பிடும்போது என் வீட்டுக்காரரை அழைத்துவரச் சொல்லியிருக்கிறார்கள். இன்னும் கூப்பிடவில்லை.

அவர் இப்போது எங்கள் வீட்டுப் பின்னறையில் இருக்கிறார். அண்ணன் உட்கார்ந்திருந்த அதே மூலை. விளக்கைப் போட விடுவதில்லை. “சுவிட்சு மேல கை இருக்கு” என்கிறார். இடது மணிக்கட்டில் ஐந்து விரல் அடையாளம் நீலமாக இருக்கிறது, எதைப் போட்டுத் தேய்த்தும் போகவில்லை. நான் சோறு கொண்டுபோய் வைக்கிறேன். சாப்பிடுகிறார். அவர் என் அண்ணனுக்குச் செய்த அதே புண்ணியத்தை நான் அவருக்குச் செய்துகொண்டிருக்கிறேன். வேறொன்றும் என்னிடம் மிச்சமில்லை.

நேற்று அண்ணன் வேலைக்குப் போயிருந்தான். தட்டை எடுக்கப் போனபோது அந்த அறைக்கு வெளியே ஒரு சொட்டு என் தோளில் விழுந்தது. கதவுக்கு மேலே ஒரு ஜங்ஷன் பெட்டி இருக்கிறது. வீட்டின் நடுச்சுவர் அது. குழாய் கிடையாது, மழை படாது. அந்த அறைக்குப் போகிற கம்பி முழுக்க அதன் வழியாகத்தான் போகிறது.

மெழுகுவத்தியை ஊதி அணைத்த வாசனை.

ஏணியைப் போட்டு ஏறி மூடியைத் திறந்தேன். விளிம்பு வரை தண்ணீர். வெதுவெதுப்பாக, நீலமாக.

மெயினை இறக்க வேண்டும். பெட்டியை மாற்ற வேண்டும். என்ன செய்ய வேண்டும் என்று என்னைவிட நன்றாக யாருக்குத் தெரியும்? நான் மூடியைத் திரும்பப் போட்டேன். நான்கு திருகுகளையும் முடுக்கினேன். அண்ணனிடமும் இதைச் சொல்லவில்லை.

“யாரு?” என்று உள்ளேயிருந்து அவர் குரல் வந்தது. “நீயா?”

நான் ஸ்க்ரூ டிரைவரை இடுப்பில் செருகினேன்.

“உன்கூட யாரு நிக்கிறா?”

கதவு சாத்தித்தான் இருந்தது. வீட்டில் எங்கள் இருவரையும் தவிர யாரும் இல்லை. அப்போதுதான் கவனித்தேன். எப்போதும் ஒரு கால் ஆடுகிற அந்தப் பழைய ஏணி, நான் ஏறியதிலிருந்து ஆடவே இல்லை. கீழே குனிந்து பார்த்தேன். ஏணியின் இரண்டு கால்களிலும், கீழிருந்து யாரோ இறுக்கிப் பிடித்திருப்பதுபோல், ஈரமாக நீல விரல்கள் பதிந்திருந்தன.